எந்த வருத்தம் என்று கேளுங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் வந்து ஏதாவது பேச வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நேரில் வந்தால் மூச்சு விடாமல் பேசுவேன், உங்களுடைய மதியச் சாப்பாடு ஆறிப்போகும். அதனால் எழுதியே தருகிறேன். எந்தக் காப்பீட்டுத் திட்டத்துக்கு எவ்வளவு கட்டணம், எந்த நிறுவனம் எத்தனை வயது வரை சேர்த்துக்கொள்ளும் என்பதையெல்லாம் உங்கள் கணினி சொல்லிவிடும். நாங்கள் அந்தக் காலத்தில் அதைப் பெரிய வித்தையாக நினைத்துக்கொண்டு செய்தோம். இப்போது அதற்கு நான் தேவையில்லை. கணினிக்குத் தெரியாத ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் மதுரைக்காரி. பிள்ளைகள் வளர்ந்து அவரவர் பாட்டைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் மொன்றியாலின் லாசால் பகுதியில் இருக்கும் இந்த அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தேன். பரீட்சை எழுதி உரிமம் வாங்கியிருந்தாலும், தமிழ் தெரியும் என்பதுதான் என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம். வருகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத் தமிழர்கள். தமிழ்தானே, நமக்குத் தெரியாததா என்று நானும் தெம்பாக உட்கார்ந்தேன். "பேந்து வாறன்" என்று சொல்லிவிட்டுப் போன ஒருவரை, பேருந்தில் வருவாராக்கும் என்று நினைத்து ஜன்னல் வழியாக நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வருகிறேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைச் சொல்லி அலுவலகத்தில் பல நாள் சிரித்தார்கள்.

நம்மிடம் வரும் வேலையில் பாதி, ஊரிலிருந்து பெற்றோரை அழைக்கும் பிள்ளைகளுடையது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பெற்றோர் வந்து நெடுநாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வரும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சூரியன் படம் போட்ட நம்முடைய அரசு மருத்துவ அட்டை கிடைக்காது. ஒரு வருடத்துக்குத் தனியாகக் காப்பீடு எடுத்து, அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் விசா. வாங்குகிறவர்களுக்கு அது விசாவுக்கான காகிதம். விலை குறைந்ததாக ஒன்று கொடுங்கள் என்பார்கள். அதற்குள் இருக்கும் ஒரு நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடைக்க வேண்டுமென்றால், காப்பீடு தொடங்கும் நாளுக்கு முந்தைய சில மாதங்களில் அந்த நோய் அசையாமல் இருந்திருக்க வேண்டும். புதிய அறிகுறி வந்திருக்கக் கூடாது, மருந்து மாறியிருக்கக் கூடாது, அளவு கூடியிருக்கக் கூடாது. குறைந்திருந்தாலும் அது மாற்றம்தான். நல்லதுக்குத்தானே குறைத்தார்கள் என்று நீங்கள் வாதாட முடியாது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கியூபெக் பெண்மணி இருந்தார். எங்களிடம் வருவதற்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வரும் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவர். அதிகம் பேச மாட்டார். சேர்ந்த புதிதில் அவரிடம், நிறையப் பேர் பொய் சொல்லியிருப்பார்களே என்று ஆவலாகக் கேட்டேன். பொய் சொன்னவர்கள் குறைவு என்றார். அவர் கையில் வந்து மறுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, அம்மாவைக் கேட்காமல் மகன் நல்ல மனதோடு பதில் சொன்னவை. மகன் சொன்னது பொய்யில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊர் மருத்துவமனையிலிருந்து குறிப்பு வரவழைத்துப் பார்த்தால் வேறு கதை இருக்கும். அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காப்பீடு யார் பெயரிலோ, அவர் குரலைத் தனியாகக் கேட்காமல் எதையும் நிரப்ப மாட்டேன். இதனால் எனக்குத் தொணதொணப்பு என்று பட்டப்பெயர் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

ஜெயந்தன் வந்தது அந்த நாட்களில்தான். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. மாலை ஷிஃப்டுக்குப் போகும் வழியில் வந்தார். நெற்றியில் மெல்லிய திருநீறு. மனைவிக்கு முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து கூட இருக்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை, அவருக்கு அதைவிடப் பெரிய ஆசை. மனைவிக்குத் தாய் இல்லை. விசாவுக்கு மற்றதெல்லாம் தயார், காப்பீடு ஒன்றுதான் பாக்கி. அப்பா இறந்துவிட்டார், அம்மா தனியாக இருக்கிறார் என்றெல்லாம் கேட்காமலே சொன்னார். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

"ஒண்டும் இல்லை அக்கா. அம்மா இரும்பு மாதிரி. இந்த வருசங்கூடக் கதிர்காமம் போட்டு வந்தவ. இது அங்கத்தைய திருநீறுதான்" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

கதிர்காமம் இலங்கையின் தெற்கே உள்ள முருகன் கோயில், யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தூரம். அவ்வளவு தூரம் போய்வந்த அம்மாவைப் பற்றி மகனுக்குப் பெருமை இருக்காதா? நான் வழக்கம்போல அம்மாவிடம் பேச வேண்டும் என்றேன். அவருக்குச் சலிப்பு. அவசரம், கெதியாகச் செய்து தாங்கோ என்றார். எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கூப்பிட்டேன். அங்கே பொழுது சாய்ந்திருக்கும். பரமேஸ்வரி அம்மாவின் குரல் தெளிவாக, கொஞ்சம் அதிகாரமாகவே இருந்தது. மகன் வேலை செய்யும் இடத்துப் பெண் என்று நினைத்துவிட்டார் போல, அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று என்னை முதலில் விசாரித்தார். விளக்கிச் சொல்லிவிட்டு, உடம்புக்கு ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டேன்.

"முந்தி ஒருக்கா வருத்தம் வந்தது, பிள்ளை. இப்ப சுகம்."

கணவரை இழந்தவர் ஆயிற்றே என்று என் மனம் இளகிவிட்டது. வருத்தம் இருக்கத்தான் செய்யும், காலம் போகப் போக ஆறும் என்று நாலு வார்த்தை ஆறுதலாகச் சொன்னேன். ஓம், குளிசை போட்டால் ஆறும்தான் என்றார் அவர். குளிசை என்றால் மாத்திரை என்பது எனக்கு அப்போதைக்குத் தெரியும். துக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றால் இது மனநலம் சம்பந்தப்பட்டது, பக்குவமாகக் கேட்க வேண்டும் என்று குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, ஐயா போனதிலிருந்து தூக்கம் வரவில்லையா என்று கேட்டேன்.

அவர் குரல் சட்டென்று உயர்ந்தது.

"அவர் மோசம் போய்க் கனகாலம், பிள்ளை. அதுக்கு ஏன் நான் இப்ப குளிசை போடப்போறன்?"

எனக்கு எதுவும் புரியவில்லை. "அப்ப எந்த வருத்தம்மா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதுவும் புத்தியால் வந்ததல்ல, குழப்பத்தில் வந்தது.

யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். நாம் வருத்தம் என்று சொல்வதை அவர்கள் கவலை என்பார்கள். அந்த அம்மா ஏதோ காய்ச்சல், சளி என்று சொல்லிக் கடந்துவிடத் தயாராகத்தான் இருந்திருப்பார். நான் சம்பந்தமில்லாமல் ஆறுதல் சொல்லப் போய், அவருடைய ஆயத்தம் எல்லாம் கலைந்துவிட்டது. கொஞ்சம் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார். நெஞ்சு வருத்தம். அதற்காக உள்ளே ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். அதாவது அடைத்திருந்த இரத்தக் குழாயை விரித்துவிட வைக்கிற சின்னக் குழல். அது நடந்தது அதே வருடத்தில். போன மாதம்கூட ஒரு குளிசையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

மகன் சொல்லவில்லையே என்று கேட்டேன்.

"அவனுக்குத் தெரியாது. கதிர்காமம் போறன், போன் எடுபடாது எண்டு சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரியில கிடந்தனான். நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளை."

பிறகு மீதியையும் அவரே சொன்னார். சொல்லத் தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மகன் போனில் கதிர்காமத்துத் திருநீறு கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் ஊர்க் கோயிலில் வாங்கி வந்து ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க, மொன்றியால் வரும் யாரோ ஒருவரின் பெட்டியில் அது பயணப்பட்டிருக்கிறது. முந்தின நாள் என் மேசைக்கு முன்னால் பெருமையோடு தொட்டுக் காட்டப்பட்ட திருநீறு அதுதான்.

நீங்கள் இந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு ஒவ்வொரு வழியாக எண்ணிப் பார்த்தேன். கேள்விப்பட்டதை மறந்துவிட்டு, மகன் சொன்னபடி நிரப்பினால் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா வந்துவிடுவார், பேரப்பிள்ளை கையில் கிடக்கும், எனக்கும் தரகு வரும். ஆனால் லாசாலில் ஏதோ ஒரு குளிர்காலக் காலையில் அவருக்கு நெஞ்சு வலித்தால், அந்தக் காகிதத்துக்கு ஒரு மதிப்பும் இருக்காது. மகனிடம் சொல்லிவிடலாம் என்றால், பணம் கட்டுபவர் மகனாக இருந்தாலும் காப்பீடு அம்மாவின் பெயரில், ரகசியமும் அம்மாவுடையது. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. எனக்கு இது முடியாது, வேறு இடம் பாருங்கள் என்று கைகழுவிவிடலாம். அது சுத்தமான வழி மாதிரித் தெரியும். உண்மையில், கேள்வி கேட்காத ஒருவரிடம் அவர்களை அனுப்பிவைப்பதுதான் அது.

அன்று பிற்பகலே ஜெயந்தன் கூப்பிட்டார். விசாவுக்குக் காகிதம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்குகிறது, இன்னொரு முகவர் பத்து நிமிடத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார், உங்களுக்கு என்ன இவ்வளவு இழுப்பு என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் கோபம் தெரிந்தது. என் மேலாளரும் கதவில் சாய்ந்துகொண்டு, ஒரு சாதாரண சூப்பர் விசாவுக்கு இத்தனை தொலைபேசியா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை. ஒரு நாள் பொறுங்கள், எல்லோரிடமும் கேட்கும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று ஜெயந்தனிடம் சொன்னேன்.

அது உண்மைதான். அந்தக் கியூபெக் பெண்மணி சொல்லிக் கொடுத்த வேலை ஒன்று உண்டு. மருந்து என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்காதே, மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல் என்பார். ஊரில் இருப்பவர்களானால் வீடியோவில் பிள்ளைகளிடம் காட்டச் சொல்ல வேண்டும். வாய் மறந்துவிடும், பை மறக்காது. எல்லோரிடமும் கேட்பதை இவரிடம் மட்டும் கேட்காமல் விடுவதுதான் தவறு. ஆனால் அந்த அம்மாவை முன்கூட்டியே எச்சரிக்காமல் கேட்கவைத்தால், அது பொறிவைத்துப் பிடிப்பது. எனவே அடுத்த நாள் காலை மறுபடியும் யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டேன்.

நாளைக்கு உங்கள் மகன் வீடியோவில் மருந்துப் பையைக் காட்டச் சொல்லுவார், அது நான் எல்லோரையும் கேட்கச் சொல்வது என்றேன். காட்டுவதும் ஒளிப்பதும் உங்கள் விருப்பம், நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் ஒளித்தால் இந்தக் காப்பீட்டை நான் எடுத்துத் தர மாட்டேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தாய் மனம் உங்களுக்குத் தெரியாதோ என்றார். அவன் அங்கே குளிரில் நின்று உழைக்கிறவன், பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி, இந்த நேரத்தில் இதையும் அவன் தலையில் ஏற்றவேண்டுமா என்றார். பேரப்பிள்ளையைக் கண்டுவிட்டுச் செத்தாலும் பரவாயில்லை என்று கடைசியில் அழுதார்.

நான் எப்போதும் அவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

"நீங்க செத்தா அவர் அழுவாரும்மா, அதோட போயிடும். நீங்க சாகாம ஆஸ்பத்திரியில கிடந்தா அந்த பில் அவர் தலையில விடியும். பொறந்த குழந்தைய வெச்சுக்கிட்டு அவர் அத எத்தன வருஷம் கட்டுவார்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும், அம்மாவின் மருந்துப் பையை வீடியோவில் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஜெயந்தனுக்குத் தகவல் அனுப்பினேன். அன்று முழுக்க என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. பத்து நிமிட முகவர் இதற்குள் முடித்துக் கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சாப்பிடாமலே டப்பாவை மூடிவைத்தேன்.

மறுநாள் ஜெயந்தன் வந்தார். வேலைக்குப் போகும் நேரமில்லை, ஆனால் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது.

"பையைக் காட்டி அம்மா எல்லாம் சொல்லிப்போட்டா. அக்கா, கதிர்காமத்துத் திருநீறெண்டு நான் ஒவ்வொரு நாளும் பூசிக்கொண்டு வேலைக்குப் போனனான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, உங்களுக்கு முந்தியே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். தெரிந்துகொண்டா சொல்லவில்லை என்று குரலை உயர்த்தினார். அம்மா சொல்ல வேண்டியதை நான் சொல்லக்கூடாது தம்பி என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உட்கார்ந்தார்.

அன்று அவர் முன்னால் இரண்டு வழிகளை வைத்தேன். ஒன்று, அம்மா உடனே புறப்படலாம், பிரசவத்துக்கு வந்துவிடலாம். ஆனால் மருந்து சமீபத்தில் மாறியிருப்பதால் நெஞ்சு நோய்க்கு எந்தத் திட்டமும் பணம் தராது. மற்ற எதற்கும் தரும். இன்னொன்று, சற்று விலை கூடிய ஒரு திட்டம். அது நெஞ்சு நோயையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் மருந்து மாறாமல் சில மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். காப்பீடு தொடங்கும் நாளைத் தள்ளிவைத்து இப்போதே காகிதம் வாங்கிக்கொள்ளலாம், விசாவும் கிடைக்கும். அம்மா வந்து சேரும்போது குழந்தை பிறந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

எல்லோரும் கடைசியில் கேட்பதை அவரும் கேட்டார். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்றார். உங்களிடமும் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். நம்மிடம் பதில் இல்லை என்பதனால் அல்ல, நாம் சொன்னால் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதனால். பிறகு எது நடந்தாலும் அது நம்முடைய முடிவாகிவிடும், அதைச் சுமந்து வாழப்போவது அவர்கள். மிக மோசமான நாள் ஒன்று வந்தால் ஒவ்வொரு திட்டமும் அன்றைக்கு என்ன செய்யும் என்பதை மட்டும் நான் சொன்னேன். முதல் திட்டத்தில் அந்த நாள் உங்களிடம் பணம் கேட்கும், இரண்டாவது திட்டத்தில் அந்த நாள் உங்களிடம் பணம் கேட்காது, அதற்காக இப்போதே ஒன்றைக் கேட்கிறது என்றேன். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று போனார்.

அன்று மாலையே மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். முடிவு சொன்னது மனைவிதான். மாமி பிறகு வரட்டும், வந்து கனநாள் இருக்கட்டும் என்றார். சொல்லிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயில்லாத பெண், முதல் பிரசவம். அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் இந்த ஊரில்தான் முதல் பிள்ளை பிறந்தது, என் அம்மா மதுரையில் இருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில வாரங்களில் பரமேஸ்வரி அம்மாவே என்னைக் கூப்பிட்டார். கோபம் தணிந்திருந்தது. வைத்தியர் ஒரு குளிசையைக் குறைக்கப் பார்க்கிறாராம், இரத்தம் அதிகம் நீர்த்துப்போகிறதாம். வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா, சொன்னால் நாள் தள்ளிப்போகாதே என்று கேட்டார். எவ்வளவு கெட்டிக்காரர் பாருங்கள். நிபந்தனையை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். சரி என்று நான் சொல்லியிருந்தால், குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே அவர் வந்திருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். டாக்டர் சொல்வதைச் செய்யுங்கள், செய்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள், தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காப்பீட்டுக்காக மருந்தில் கைவைக்கச் சொல்லும் முகவர் வேறு தொழிலுக்குப் போய்விட வேண்டும். இதை நான் மேசையைத் தட்டிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து குறைந்தது. மாதக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. தொடங்கும் தேதியை இன்னும் தள்ளிவைத்தோம். பெண் குழந்தை பிறந்தது, முப்பத்தோராம் நாள் துடக்கு என்று அவர்கள் சொல்லும் தீட்டைக் கழித்தார்கள், பல் முளைத்தது. எல்லாவற்றையும் அந்த அம்மா போனில் பார்த்தார். ஒருமுறை ஜெயந்தன் தெருவில் என்னைக் கண்டபோது தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். நான் சரியாகச் செய்தேனா என்று அன்று இரவு என் கணவரிடம் கேட்டேன். இதை ஒன்பதாவது தடவையாகக் கேட்கிறாய் என்றார் அவர்.

அம்மா வந்தபோது குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். வந்த வருடத்தில் நெஞ்சுக்கு ஒன்றும் வரவில்லை. அந்தத் திட்டத்தில் ஒரு காசுகூட அவர்கள் கேட்டு வாங்கவில்லை. நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும், முதல் திட்டத்தை எடுத்துக்கொண்டு பிரசவத்துக்கே வந்திருக்கலாமே என்றுதானே? நம் தொழிலில் நீங்கள் சரியாகச் செய்தது பெரும்பாலும் வீணாகச் செய்தது மாதிரித்தான் தெரியும். அதைத் தாங்க முடியாதவர்கள் இப்போதே வேறு மேசைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

வருடம் முடிந்து காப்பீட்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. புதுப்பிப்பதை மின்னஞ்சலிலேயே முடிக்கிறவர்கள் உண்டு. நான் அப்போதும் நேரில்தான் போவேன், ஏனென்றால் ஒரு வருடத்தில் உடம்பும் மாறும், மருந்தும் மாறும், பழைய பதிலை அப்படியே திருப்பி எழுதுவது பழைய தவறைத் திருப்பிச் செய்வதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லாசாலில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். பரமேஸ்வரி அம்மாவை அன்றுதான் நேரில் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். நான் உட்காருவதற்குள், கேட்காமலே உள்ளே போய் மருந்துப் பையைக் கொண்டுவந்து மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குழந்தை ஓடிவந்து ஒரு பெட்டியைப் பிடுங்கப் பார்த்தாள். சாமிப் படத்துக்கு முன்னால் அந்தத் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. ஜெயந்தன் நெற்றியிலும் மறுபடி திருநீறு இருந்தது.

இத்தனை நாளில் நானும் கொஞ்சம் அவர்கள் பேச்சைப் பழகியிருந்தேன். வேறு வருத்தம் ஏதும் வந்ததோ என்று கேட்டேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "எங்கட வருத்தமோ, உங்கட வருத்தமோ?"

இரண்டையும் சொல்லுங்கள் என்றேன்.

"எங்கட வருத்தம் அப்பிடியே நிக்குது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை." பேத்தியின் கையிலிருந்து பெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார். "உங்கட வருத்தம் ஒண்டு இருக்கு, பிள்ளை. இவள் பிறக்கேக்க நான் பக்கத்தில இருக்கேல்லை."

ஜெயந்தன் அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்கிறார் என்றே நான் நினைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்கும் ஒண்டு இருக்கம்மா. உங்களுக்கு ஸ்பிரிங் வைக்கேக்க நான் பக்கத்தில இருக்கேல்லை."

அந்த அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய் மகனுக்குப் பக்கத்தில் நின்றார். தேநீருக்குச் சீனி அதிகம் போடாதே என்று ஏதோ அதட்டுவது கேட்டது. நான் மேசையில் இருந்த மருந்துகளைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டேன். எல்லாம் அப்படியே இருந்தன. "மாற்றமில்லை" என்று எழுதிவிட்டு, தேநீர் வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.